தண்ணீர் வேண்டாத கார்

என் வேலைப் பையில் எப்போதும் ஒரு போத்தல் இருக்கும். நீல நிற அலுமினியப் போத்தல். மூடியின் ஒரு பக்கம் நசுங்கியது. பிள்ளைப்பேறு பார்க்கும் உத்தியோகத்தில் புங்குடுதீவுக்கு நியமனம் கிடைத்தபோது வாங்கினேன். கொதித்தாறிய நீரைக் காலையில் நிரப்பிக்கொண்டு சைக்கிளில் ஏறினால், பின்னேரம் வீடு திரும்பும்வரை வேறெந்த வீட்டுத் தண்ணீரும் என் வாயில் படாது. சுகாதாரம் என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். எனக்கும் அதையே சொல்லிக்கொண்டேன். இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன், போத்தல் குசினி அலுமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் கார்க்கார அண்ணையின் ஞாபகம் வரும். ஞாபகம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வருவது வெட்கம்தான்.

தீவில் எல்லோருக்கும் நான் மிஸ்ஸி, அவர் கார்க்கார அண்ணை. கடற்தொழில் செய்யும் கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துவராமல் காருக்கு வந்தவர். குறிகட்டுவான் துறையடியில் அந்தக் கார் நிற்கும். என்னைவிட வயதில் மூத்த, சாம்பல் நிற இங்கிலாந்துக் கார். நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் படகில் வருகிற நோயாளிகளையும் எங்கள் தீவின் பிள்ளைத்தாய்ச்சிகளையும் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, அந்த வருடங்களில் பெரும்பாலும் அதை விட்டால் வேறு கதி இல்லை. ஆள் மெலிவு, பேச்சு அதைவிட மெலிவு. எனக்கு வாய் நீளம். ஆகவே இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

அந்தக் காரின் வியாதி தண்ணீர். தீவுக் கிணறுகளில் பாதிக்கு மேல் உவர். கேத்திலின் அடியில் வெள்ளைக் காறை படிவதுபோல அந்த உவர் ரேடியேற்றரின் குழாய்களில் படிந்து அடைத்துவிடும். சூடு ஆறாமல் எஞ்சின் பொங்கும். அதனால் ஊரில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. கார் எந்த வீட்டு வாசலில் நின்றாலும், அந்த வீட்டார் நல்ல தண்ணீர் ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றுவார்கள். கைக்குழந்தையைப் பற்றி விசாரிப்பதுபோல, "காருக்குத் தண்ணி குடுத்தாச்சோ?" என்று கேட்பார்கள். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வீட்டுக்கு அது ஒரு பெருமை.

ஒரு நாள், சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், தீவுகளை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தின் நடுவில் கார் பொங்கி நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கடல். குடிக்கவோ காருக்கு ஊற்றவோ ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. என் போத்தலில் இருந்ததையும் ஊற்றியாயிற்று. முன்னாலும் பின்னாலும் காவலரண். எஞ்சின் ஆறும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பின்சீற்றில் கொண்டுபோன பிள்ளைத்தாய்ச்சிக்கு அங்கேயே பிள்ளை பிறந்தது, அழவில்லை. நேரத்துக்குப் போயிருந்தாலும் பிழைத்திருக்குமா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அண்ணைக்கு நிச்சயம் இருந்தது. அதன்பிறகு அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் பார்வை பாதையைவிட வெப்பமானியின் முள்ளில்தான் இருக்கும்.

சமாதான காலம் வந்து தெற்கே போகும் பாதை திறந்ததும், ஜெர்மனியில் கராஜ் ஒன்றில் வேலைசெய்த அவருடைய தம்பி ஊர் பார்க்க வந்தார். கப்பலில் முன்கூட்டியே அனுப்பிய பெட்டிக்குள் இரண்டு வெள்ளைக் கான்கள். தண்ணீரே சேராத குளிர்திரவம், இளம்பச்சை நிறம், எண்ணெய்போலச் சற்றுத் தடிப்பு. தண்ணீர் கொதிக்கிற சூட்டில் இது கொதிக்காது, காறை பிடிக்காது, துருவும் ஏறாது என்றார். ஒரேயொரு நிபந்தனை, தண்ணீர் கலக்கக் கூடாது. கலந்தால் பழைய குருடி கதவைத் திறடிதான்.

மாற்றுகிற வேலை மூன்று நாள் நடந்தது. நான் வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பேன். முதல்நாள் ரேடியேற்றரைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினார்கள். சிப்பிச் சுண்ணாம்புபோலக் காறை கொட்டியது. எஞ்சினின் பக்கத்துத் திருகையும் கழற்றித் தேங்கிநின்ற துருவேறிய கறல் தண்ணீரை வடித்தார்கள். இரண்டாம் நாள் டயர் கடையிலிருந்து காற்றுப் பம்பை இரவல் வாங்கிக் குழாய் குழாயாக ஊதினார்கள். மூன்றாம் நாள் முழுவதும் முன்மூடியைத் திறந்து வெயிலில் காயவிட்டார்கள். பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயவைத்தவர்போல அண்ணை பக்கத்தில் காவல் இருந்தார். பின்னேரம் ஊற்றும்போது தம்பி, "இது நஞ்சு, கோழி நாய் வாய் வைக்கக் கூடாது" என்று சொல்லிச் சிந்தியதையெல்லாம் துணியால் துடைத்தார். இரண்டு கானும் முடிந்தன. மேலதிகம் ஒரு போத்தலும் இல்லை. போவதற்கு முதல் தமையனிடம் கடைசியாகச் சொன்னது எனக்குக் கேட்டது. "அண்ணை, இனி ஆர் தந்தாலும் தண்ணி வேண்டாமெண்டு சொல்லும்."

அண்ணை சொன்னார். எல்லா வாசலிலும் சொன்னார். சந்தியடிப் பெரிய வீட்டில், கார் விரதம் பிடிக்குதோ என்று சிரித்தார்கள். நான்கு மாதம் கார் ஒருமுறையும் பொங்கவில்லை. அவர் என்னோடு பகிடிவிடக்கூடத் தொடங்கியிருந்தார். வேண்டாம் என்ற அந்தச் சொல் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மாதிரிக் கேட்கும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நான் நினைத்திருக்க வேண்டும்.

எங்கள் தீவில் சில வீடுகளில் சில வீட்டார் தண்ணீர் குடிப்பதில்லை. இதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. மேற்குக் கரைப் பனங்கூடலுக்குள் பனை சீவுகிற குடும்பம் ஒன்று இருந்தது. தகப்பன், மகன், முதற்பிள்ளையைச் சுமந்த மருமகள். ஐந்து மாதமாக அங்கே போய்வந்தேன். அந்தப் பெண்ணின் வயிற்றைக் கையால் தடவிப் பார்த்து, குழல் வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்பேன். தேத்தண்ணி ஊற்றட்டோ என்று முதல் இரண்டு தடவையும் கேட்டாள். மூன்றாம் தடவை கேட்கவில்லை. நான் அவர்கள் போட்ட கதிரையில் இருந்து என் நீலப் போத்தலைத் திறந்து குடிப்பேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்கு அது மூச்சுவிடுவதுபோலப் பழக்கமாக இருந்தது.

அன்று காலை பத்து மணியிருக்கும். அவளுக்குப் பன்னீர்க்குடம் உடைந்து, பிள்ளை குறுக்கே கிடந்தது. சத்திரசிகிச்சை இல்லாமல் இரண்டு பேரும் தப்ப முடியாது. காருக்கு ஆள் அனுப்பினேன். கார் வருகிறது என்று கேள்விப்பட்டதுமே தகப்பன் கிணற்றில் அள்ளி ஒரு வாளி நிறைய ஆயத்தமாக வைத்திருந்தார். அந்தப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் அவர்களுடைய கிணற்றில்தான். கார் நின்றதும் வாளியோடு முன்மூடியை நெருங்கினார். இறங்கிக்கொண்டிருந்த அண்ணை பதறிப்போய்ச் சத்தமாகச் சொன்னார். "அந்தத் தண்ணியை ஊத்தாதேங்கோ."

கிழவர் வாளியைக் கீழே வைத்தார். மகன் அண்ணையின் முன்னால் வந்து நின்றான். "எங்கட கிணத்துத் தண்ணி உங்கட காருக்கும் தீட்டோ?"

நான்தான் குளிர்திரவத்தைப் பற்றி விளக்கினேன். தண்ணீர் வேண்டாத கார் எங்கே இருக்கிறது, போன வருடம் சந்தியடி வீட்டில் இரண்டு வாளி குடித்ததைத் தன் கண்ணால் கண்டதாக அவன் சொன்னான். அண்ணை சொல்வது உண்மை என்றேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்றான். பெண்சாதியை இந்தக் காரில் ஏற்ற மாட்டேன், லாண்ட்மாஸ்டர் பிடித்துக் கொண்டுபோகிறேன் என்று வெளிக்கிட்டான். அந்த உழவு மெசினின் பெட்டியில் குலுங்கிக் குலுங்கி மூன்று மணித்தியாலம். அவள் பண்ணைப் பாலத்தைக்கூடக் காண மாட்டாள் என்று எனக்குத் தெரியும். உள்ளே அவள் முனகுவது கேட்டது.

அண்ணை கிணற்றடியில் இருந்த செம்பை எடுத்து வாளிக்குள் விட்டு, கோலி, ஒரே மூச்சில் குடித்தார். மகன் அசையவில்லை. "நீங்கள் குடிப்பியள் அண்ணை. உங்களை ஆர் சொன்னது." அவன் செம்பை வாங்கி மறுபடி நிரப்பி என் பக்கம் நீட்டினான்.

அந்தச் செம்பில் பனைமர நிழல் ஆடிக்கொண்டிருந்ததுகூட நினைவிருக்கிறது. ஒரு மிடறு குடித்திருந்தால் முடிந்திருக்கும். எத்தனை பிள்ளைகளை இரத்தத்தோடு ஏந்திய கை அது! அந்தக் கை செம்புக்கு நீளாமல் பைக்குள் போய் என் போத்தலைப் பிடித்தது. "எனக்கு இப்ப தாகமில்லை தம்பி" என்றேன்.

அண்ணை என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு காரின் கீழே குனிந்து அடித்திருகைத் திறந்தார். இளம்பச்சைத் திரவம் மணலில் ஓடியது. "கோழியளைப் பிடியுங்கோ, இது நஞ்சு" என்றார். பாதி வடிந்ததும் திருகைப் பூட்டி, நிமிர்ந்து ரேடியேற்றரின் மூடியைக் கழற்றினார். "அப்பு, நீங்களே ஊத்துங்கோ. வாய்முட்ட ஊத்துங்கோ."

கிழவர் வாளியைத் தூக்கி ஊற்றினார். மகன் உள்ளே போய் மனைவியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து பின்சீற்றில் கிடத்தினான்.

அந்தப் பயணத்தை நான் பின்சீற்றில் முழந்தாளில் நின்று செய்தேன். ஒரு கையால் அவளைத் தாங்கியபடி, இரண்டு சீற்றுகளுக்கும் நடுவால் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலணை வரை முள் அசையவில்லை. மண்கும்பானில் ஏறத் தொடங்கியது. மண்டைதீவுச் சந்தியில் ஆமிக்காரர் மறித்துச் சோதித்தார்கள். எஞ்சினை நிறுத்தினால் திரும்ப எழும்பாது, நிறுத்தாவிட்டால் சூடு ஏறும். அண்ணை நிறுத்தவில்லை. பாலத்தில் ஏறும்போது முள் சிவப்பில். பிள்ளை அழாமல் பிறந்த அதே இடத்தில் முன்மூடியின் விளிம்பால் ஆவி கசிந்தது, ஒரு தித்திப்பு மணத்தோடு. அவள் என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள். முன்சீற்றிலிருந்த மகன் மெதுவாகக் கேட்டான். "தண்ணி விட்டனாங்கள்தானே அண்ணை, ஏன் கொதிக்குது?"

"பழைய கார் தம்பி" என்றார் அண்ணை.

ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சின் தானாக நின்றது. ஒரு மணித்தியாலத்துக்குள் பெண்பிள்ளை பிறந்தது. தாயும் சேயும் சுகம். நான் வெளியே வந்தபோது அண்ணை முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு மதிலோடு குந்தியிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "ஒரு மிடறுதானே மிஸ்ஸி."

அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. அந்தக் குடும்பத்திடமும் சொல்லவில்லை. தம்பி இன்னும் இரண்டு கான் அனுப்ப ஆயத்தம் செய்யும்போது அந்தப் பாதை மறுபடி பூட்டப்பட்டது, சண்டை தொடங்கியது. கார் பழையபடி தண்ணீருக்குத் திரும்பியது, வாசலில் வாளிகளும் திரும்பின. பாலத்தில் இன்னும் இரண்டு தடவை கொதித்தது. இரண்டு தடவையும் நான் உள்ளே இருந்தேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அது என் கெட்டித்தனம் இல்லை. சண்டை முடிவதைக் காணாமலே அண்ணை நெஞ்சுநோவில் போய்விட்டார்.

அந்தப் பெண்பிள்ளை பெரியபிள்ளையான சடங்குக்கு எனக்கு அழைப்பு வந்தது. போத்தலை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். இதற்காகவே எத்தனையோ வருடம் காத்திருந்ததுபோல இருந்தது. கிழவர் கண்பார்வை குறைந்து கதிரையில் இருந்தார். மிஸ்ஸி வந்திருக்கிறா என்று காதில் சொன்னதும், பேத்தியைக் கூப்பிட்டு, "மிஸ்ஸிக்குச் சோடா உடைச்சுக் குடு" என்றார். கண்முன்னால் மூடி உடைக்கிற சோடா. எங்களைப்போன்ற விருந்தாளிகளுக்கு அந்த வீடுகளில் வழமையாகக் கொடுப்பது அதுதான். அவர் குத்திச் சொல்லவில்லை, என்னை உபசரித்தார்.

"சோடா வேண்டாம் அப்பு. உங்கட கிணத்துத் தண்ணி தாருங்கோ" என்றேன்.

கிழவர் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "அது உவராய்ப் போய் ஆறேழு வருஷம் மிஸ்ஸி. இப்ப பவுசர் லொறியிலை வாற தண்ணிதான்."

பேத்தி ஒரு செம்பில் கொண்டுவந்து தந்தாள். முழுவதையும் குடித்தேன். காலையில் என் வீட்டு நீலப் போத்தலில் நான் நிரப்பியதும் அதே பவுசர் தண்ணீர்தான்.