செவில்லாவுக்குப் போன கரண்ட் குக்கர்

போன சனிக்கிழமை சாலைக் கடைத்தெருவில் எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. அதனால் இந்த வாரம் காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தூக்குவாளி வாங்கப் போயிருந்தேன். பாத்திரக்கடை அண்ணாச்சி எங்களைப் போலவே நாஞ்சில்நாட்டிலிருந்து வந்து திருவனந்தபுரத்தில் ஊன்றிய குடும்பம். அவரும் அவர் மனைவியும் ஸ்பெயின் போகிறார்களாம். தெற்கே செவில்லா என்ற ஊரில் நான்கு நாள். நான் அதே ஊருக்குப் போய்வந்தவள் என்பது அவருக்குத் தெரியும்.

"தங்கச்சி, அங்க திங்க, குடிக்க நல்ல கடை எங்க கிட்டும்? ஒரு லிஸ்ட் எழுதித் தாங்க கேட்டோ."

யாராவது என்னிடம் யோசனை கேட்டால் எனக்குக் குஷி பிறந்துவிடும் — உங்களுக்குத்தான் தெரியுமே. பில் புத்தகத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவைத் திறந்தேன். அப்போது அண்ணாச்சி இன்னொன்றும் சொன்னார்.

"சாப்பாட்டுக்கு இல்ல. சாப்பாட்டுக்குத்தான் அவ கூட வாராளே, கரண்ட் குக்கர் எடுத்து வச்சாச்சு. இது சும்மா சாயங்காலம் கொறிக்க."

பேனாவை மூடினேன். அதற்குப் பிறகு நான் அவரிடம் சொன்னதை ஆசிரியர் அச்சில் போடமாட்டார். தூக்குவாளியும் வாங்கவில்லை.

அந்த மனிதர் அப்படி என்ன தப்பாகச் சொல்லிவிட்டார் என்கிறீர்களா? எனக்கு அந்தக் கரண்ட் குக்கரைத் தெரியும். அதே மாதிரி ஒன்றின் கூடவே நான் நான்கு நாள் ஸ்பெயினில் இருந்திருக்கிறேன்.

அதே சாலைக் கடைத்தெருவில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்குப் போன வருடம் அறுபதாம் கல்யாணம். அயர்லாந்தில் வேலை பார்க்கும் அவர் மகன், அப்பா அம்மாவுக்குப் பரிசாக ஸ்பெயின் டிக்கெட் அனுப்பினான். துணைக்கு நானும் என் வீட்டுக்காரரும் ஒட்டிக்கொண்டோம். பரிசு யாருக்கு வந்தது? அண்ணனுக்கும் மதினிக்கும். பகவதி மதினியின் பெயரும் அந்த டிக்கெட்டில் இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகத்தில் இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியை நிறுத்தோம். கரண்ட் குக்கர், பொன்னி அரிசி, துவரம்பருப்பு, புளி, பெருங்காயம், மூன்று வகைப் பொடி. அங்கே பிளக் வேறு மாதிரி என்று அண்ணன் கடையிலிருந்தே ஒரு அடாப்டர். அந்த அடாப்டரை அவர் கோவில் பிரசாதம் மாதிரி எல்லோருக்கும் காட்டினார். பெட்டி கனம் கூடிப்போயிற்று. எதை எடுப்பது? மதினியின் இரண்டு சேலையையும், அவள் ஆசையாக வாங்கியிருந்த புது ஷூவையும் எடுத்தோம். 'அங்க யாரு பாக்கப்போறா' என்று அண்ணன் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தோம். பெட்டியை நிறுக்கும் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் தெரியுமா? வாராவாரம் உங்களுக்குப் பெண் சுதந்திரம் பற்றி எழுதும் நான்தான்.

செவில்லா அழகான ஊர். தெருவெல்லாம் ஆரஞ்சு மரம். மனிதர்கள் வீட்டுக்குள் சாப்பிடுவார்களா என்றே சந்தேகமாக இருக்கும் — அவ்வளவு கூட்டம் தெருவோரக் கடைகளில். ஒரு சின்னத் தட்டு, ஒரு சின்ன கிளாஸ், நின்றுகொண்டே அரட்டை. அது முடிந்ததும் அடுத்த கடை.

நாங்கள்? காலையில் குக்கரில் உப்புமா. மதியத்துக்கு எலுமிச்சம்பழச் சாதம், எவர்சில்வர் டப்பாவில் கட்டி, ஆற்றங்கரை பெஞ்சில். சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் அறைக்குத் திரும்பி ரசம், அப்பளம். அப்பளத்தை மைக்ரோவேவில் சுட்டாள் மதினி. அடுப்பே இல்லாத ஒரு மூலையில், ஒரே ஒரு குக்கரை வைத்துக்கொண்டு, நான்கு பேருக்கு மூன்று வேளை. அரண்மனை பார்க்கப் போனபோது அவள் வரவில்லை. அரிசி ஊறுகிறதாம். தெருவில் உதிர்ந்து கிடந்த ஆரஞ்சைப் பொறுக்கிக் கடித்துப் பார்த்த அண்ணன், "நாரத்தங்காய் மாதிரியே கசக்கு பகவதி, ஊறுகா போடலாம்லா" என்றார். அவள் போட்டாள். ஆமாம்... ஸ்பெயினில் உட்கார்ந்து ஊறுகாய் போட்டாள்.

நான் அதைத் தொட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் உப்பு வேண்டும் என்றும் சொன்னேன்.

மூன்றாம் நாள் கத்தரிக்கோல் தேடி மதினியின் கைப்பையைத் திறந்தபோது ஒரு டைரி கிடைத்தது. மதினி திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்து மலையாளத்தில் படித்தவள். மலையாள எழுத்தில், அழகான கையெழுத்தில், ஏழு கடைகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன சாப்பிடலாம், எத்தனை மணிக்குத் திறக்கும், எதில் பன்றி இறைச்சித் தூள் தூவுவார்கள், எதில் முட்டை இருக்கும்... எல்லாம். கடைசியில் ஸ்பானிஷில் இரண்டு வரி — 'இறைச்சி வேண்டாம், ஹாம் வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம்.' தனித்தனியாகச் சொல்ல வேண்டும், இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஹாம் என்கிற பன்றிக்கறியைப் போட்டுக் கொண்டுவருவார்கள் என்று பக்கத்தில் குறிப்பு வேறு.

ஆறு மாதமாக, மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்த பிறகு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எழுதியது. கேட்டபோது இதை மட்டும்தான் சொன்னாள். முதல் கடையின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். கீரையும் கொண்டைக்கடலையும்.

அன்று சாயங்காலம் நான் அண்ணனிடம் வெடித்தேன். நான்கு நாளில் ஒரு வேளையாவது மதினி உட்கார்ந்து, வேறு யாராவது பரிமாறிச் சாப்பிட வேண்டாமா என்று கேட்டேன். வெளியே சாப்பிட்டால் நம் சைவம் என்ன ஆகும் என்றார். டைரியை நீட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை.

"அவளுக்குச் சமைக்கப் பிடிக்கும்டீ. உனக்கு என்ன தெரியும்?"

"மதினிகிட்ட கேட்டியளா?"

கேட்டார். எப்படி? ரசத்தைக் கரண்டியால் கலக்கிக்கொண்டு நின்றவளிடம், எங்கள் மூன்று பேரின் முன்னால், "ஏன் பகவதி, உனக்குக் கஷ்டமாட்டா இருக்கு?" என்று.

"ஒண்ணுமில்ல" என்றாள் மதினி.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கேஸில் ஜெயித்த வக்கீல் தோற்றுப்போவார். கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டுக் கஷ்டமா என்று கேட்பது ஒரு கேள்வியா? முப்பத்துநாலு வருடமாக அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஒரே பதில்தானே செல்லும்? என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அப்பளம் ஆறிப்போகும் என்று கவலைப்பட்டார்.

கடைசி நாள். பேரனுக்கு ஏதாவது வாங்கி வருகிறோம் என்று பொய் சொல்லி மதினியைக் கிளப்பினேன். மத்தியானம் ஒன்றரை மணி. இரண்டு கோடு போட்ட கடை, இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. மூன்று நாளாக அதன் வாசல் வழியாகத்தான் ஆற்றுக்கு எலுமிச்சம்பழச் சாதம் சுமந்து போயிருக்கிறாள். சொல்லவில்லை.

கல் பதித்த கவுண்டர். பின்னால் ஒரு பெண், எங்கள் வயதுதான் இருக்கும். மதினி டைரியைத் திறந்து அந்த இரண்டு வரியைக் காட்டினாள். அந்தப் பெண் விரல் வைத்து வாசித்தாள், தலையாட்டினாள், ஒரு தட்டை எடுக்கப் போனவள் அதில் முட்டை என்று சைகை காட்டி ஒதுக்கினாள். பிறகு ஒரு மண்சட்டியில் கீரைக் கடலை வந்தது, மேலே பொரித்த ரொட்டித் துண்டு. மதினிக்கு மோஸ்தோ என்று ஒரு கிளாஸ். புளிக்காத திராட்சைச் சாறுதான், பயப்பட வேண்டாம். நான் என்ன குடித்தேன் என்பது இந்தப் பத்திக்குத் தேவையில்லாத விஷயம்.

மதினி ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். "சீரகம் வறுத்துப் பொடிச்சிருக்கா" என்றாள். அடுத்த வாயில் பூண்டைக் கண்டுபிடித்தாள். மூன்றாவது வாயில் கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ சமைத்து, யாரோ சூடாகக் கொண்டுவந்து வைத்து, அதை அவள் முதலில் சாப்பிடுகிறாள். மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதை அல்ல.

போன் அடித்தது. அண்ணன். சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டிருப்பார் போல.

"அரிசி ஊறுது. தண்ணி ரெண்டு மடங்கு ஊத்தி, பட்டன அமுக்குங்க." மறுபக்கம் ஏதோ நீளமாகப் பேச்சு. மதினி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "இல்ல, இப்ப வர முடியாது. நான் சாப்பிட்டுட்டு இருக்கேன்."

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவள் கடல் கடந்து வர வேண்டியிருந்தது!

நாங்கள் திரும்பியபோது மணி நாலு. அரிசி ஊறிக்கொண்டேதான் இருந்தது. எலக்ட்ரிக் கடை முதலாளிக்கு எந்தப் பட்டன் என்று தெரியவில்லையாம். இரண்டு ஆண்களும் பசி தாங்காமல் வெளியே இறங்கியிருக்கிறார்கள்; நேரம் தெரியாமல் சுற்றிவிட்டு மூன்றரைக்கு மேல் ஒரு கடைக்குள் நுழைந்திருக்கிறார்கள். அங்கே மத்தியானச் சமையலை மூடிவிட்டால் பிறகு எட்டரைக்குத்தான் அடுப்பு. மதினியின் டைரியில் அதுவும் எழுதியிருந்தது. வாங்கிப் பார்த்தால்தானே? ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டை நடுவில் வைத்துக்கொண்டு, எழவு வீட்டில் உட்கார்ந்தவர்கள் மாதிரி அறையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மதினி என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? கைப்பையைக் கூட இறக்கி வைக்காமல் நேராகப் போய்ப் பட்டனை அமுக்கினாள். அப்போது எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. மறைக்கவில்லை, வந்தது. அந்தச் சோற்றை நான் தொடவில்லை. அதுவரை பத்து வேளை சாப்பிட்டுவிட்டு பதினோராவது வேளையில் காட்டிய வீரம்!

ஊருக்கு வந்ததும் அண்ணன் எல்லோரிடமும் பெருமையடித்தார் — நாலு நாள் ஸ்பெயினில் இருந்தோம், ஒரு வேளைகூட வெளிச்சாப்பாடு தொடவில்லை. அதைக் கேட்டு மயங்கியவர்களில் ஒருவர்தான் நம் பாத்திரக்கடை அண்ணாச்சி.

சனிக்கிழமை கடைத்தெருவிலிருந்து நேராக மதினி வீட்டுக்குப் போனேன். டைரியைக் கேட்டேன். தந்தாள். ஏழு கடையில் ஒன்றுக்கு மட்டும் டிக் போட்டிருந்தது. "மத்ததுக்கு ஆராவது டிக் போடட்டும்" என்றாள்.

ஏழையும் தமிழில் எழுதினேன். காலையில் எண்ணெயில் பொரித்த சுரோஸை எங்கே கெட்டி சாக்லேட்டில் முக்கித் தின்பது, தக்காளிச் சாற்றை எங்கே ஹாம் தூவாமல் தருவார்கள், எத்தனை மணிக்குப் போனால் கதவு திறந்திருக்கும், எல்லாம் சேர்த்து. எழுதி, அண்ணாச்சிக்கு அனுப்பவில்லை. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அவர் மனைவிக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையில் பதில் வந்தது.

"ரொம்ப நன்றி அக்கா. அங்க நம்ம ஊர் பிளக் சேராதுன்னு நேத்து போன்ல வாசிச்சேன். அவுக அடாப்டர் எடுக்கல. நான் சொல்லல."

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அவர்கள் விமானத்தில் இருப்பார்கள். அண்ணாச்சிக்கு யாரும் போன் போட்டுவிடாதீர்கள்.