சரிவில் பழகிய பதினொரு மட்டைகள்

சனிக்கிழமை, காலை ஐந்து மணி. போடியில் நடக்கும் வட்டார விளையாட்டு விழாவுக்காக, குரங்கணிக்கு மேலேயுள்ள எங்கள் ஏலத்தோட்டத்திலிருந்து பதினொரு பேர் இறங்கினோம். விழாவில் ஓட்டம், கபடி எல்லாம் உண்டு, எங்களுக்கு ஹாக்கி. போன தடவை ஒரு கோல்கூடப் போடாமல் திரும்பிய மானக்கேடு இன்னும் ஆறவில்லை.

கிளம்பும்போது மானேஜர், "இந்தத் தடவ ஒரு ஆட்டமாச்சும் செயிக்கணும். இல்லேன்னா மட்டையெல்லாம் ஸ்டோர் அடுப்புக்குத்தான்" என்றார்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பெரிப்பவன் நான். என் மட்டையை நானே கொளுத்த வேண்டும். காப்பிக் கட்டையில் ஒன்பது நாள் செதுக்கிய மட்டை அது. விடுவேனா?

குரங்கணிக்கு நாலு மைல் நடை. ஏழு மணிக்கு லோடு லாரி. போடிக்குப் பத்து மைல், ஆளுக்கு நாலணா. டிரைவர் காசிம் பாய் எங்களை மூட்டைகளின் மேல் ஏற்றிவிட்டு மட்டைகளைப் பார்த்தார்.

"என்னப்பு, பாம்படிக்கக் கெளம்பிட்டீகளா?"

"ஹாக்கி ஆடப் போறோம் பாய். வெரசா ஓட்டுங்க" என்றார் எங்கள் கேப்டன் மாடசாமி அண்ணன்.

"தோத்துட்டு வந்தா எட்டணா!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

ஒன்பதரை மணி, போடி மைதானம். இவ்வளவு தட்டையான தரை மலையில் தேடினாலும் கிடைக்காது. எதிரில் தேவாரம் அணி. வயலில் யானை விரட்டிப் பழகிய தொண்டைகள், போட்ட கூச்சலில் காது அடைத்தது. பத்தாவது நிமிடமே ஒரு கோல் போட்டார்கள். நாங்களும் ஓயாமல் அடித்தோம். ஆனால் யார் அடித்தாலும் பந்து கோலுக்கு இடப்பக்கமாகவே வெளியே போயிற்று. கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

இடைவேளையில் மாடசாமி அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, நம்ம தோட்டத்துக் களம் வலப்பக்கம் ஓடையப் பாத்துச் சரியுதுல்ல? கோல் கம்பமும் ஒரு பக்கந்தான் இருக்கு. பந்து சரிவுல உருண்டு வரும்னு இடது கம்பத்துக்கு வெளிய பாத்தே அடிச்சுப் பழகிட்டோம். இங்க சரிவு ஏது?"

"இப்ப என்ன செய்யண்ணே?"

"கை இடப்பக்கமேதான் இழுக்கும், அத மாத்த நேரமில்ல. கண்ண மாத்து. வலது கம்பத்தப் பாத்து அடி."

அவரே அப்படி அடித்து முதல் கோல் போட்டார். கடைசி நிமிடத்தில் பந்து என்னிடம் வந்தது. பழைய இடத்துக்கே கண் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வலது கம்பத்தைப் பார்த்து அடித்தேன். கோல்! இரண்டுக்கு ஒன்று.

அன்றிரவு ஏலக்காய் மண்டிக் கிடங்கில் படுத்தோம். மறுநாள் காலை அடுத்த ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் மட்டைகள் பிழைத்துவிட்டன. திரும்பும்போது காசிம் பாய் காசே வாங்கவில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணி, தோட்டம். "எப்படி அடிச்சே? காட்டு" என்றார் மானேஜர். ஸ்டோர் முன்னாலுள்ள எங்கள் களத்தில் பந்தை வைத்து, போடியில் அடித்தபடியே பெருமையாக அடித்தேன். பந்து வலது கம்பத்தைத் தாண்டி, சரிவில் உருண்டு, ஓடைப் புதருக்குள் போய்விட்டது. எங்களிடம் இருந்ததே அந்த ஒரு பந்துதான்.

யாரும் அசையவில்லை. மானேஜர் வேட்டியை மடித்துக் கட்டினார். ஸ்டோர் வாசலில் கிடந்த அரிவாளை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் புதருக்குள் இறங்கினார்.

"என்னடா நிக்கிறீக? எறங்குங்க. நாளைக்குப் பழக வேணாமா?"