உச்சி வெயிலில் குளிர்ந்த இலைகள்

எங்கள் குடும்பத்தில் நாளும் கிழமையும் குறித்து வைப்பவன் நான் என்பதால், அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்தது. அவர் சிங்கவரத்தில் ஓர் ஐப்பசி அடைமழையில் பிறந்தார். ஆனால் வாழ்நாள் முழுவதும் கோடைக்குப் பயந்தே இருந்தார்.

நைனா காலமானதும் படிப்பை நிறுத்தி எங்களைக் கரையேற்றினார். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பயிரிட்ட மேட்டு நிலத்தில் முந்திரி வைத்தார். ஒரு பாதி நாட்டு மரங்கள். சிறிய, தடித்த இலை. மறு பாதி ஒட்டு மரங்கள். அகன்ற, மெல்லிய இலை, பெரிய கொட்டை. வீடு ஓடியது ஒட்டு மரங்களால்தான்.

உச்சி வெயிலில் கிளையை வளைத்து, இலையைப் பறிக்காமலே கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். நாட்டு இலை சுடும். ஒட்டு இலை குளிர்ந்திருக்கும். மற்றவர்கள் அதைச் செழிப்பு என்பார்கள். அவருக்கோ அதுதான் பயம்.

"நாட்டு மரம் வெயிலைப் பாத்தா இலை வாயை மூடித் தண்ணிய உள்ளயே வெச்சுக்குது. இதுக்கு மூடத் தெரியல. தண்ணி இருக்கிற வரைக்கும் சில்லுனு நிக்கும், அப்புறம் ஒரேடியா போயிடும்" என்பார்.

கட்டிய பெண்டாட்டியைவிட இலையோடுதான் கொஞ்சல் அதிகம் என்று அண்ணி சீண்டுவார். அண்ணன் சிரிக்கமாட்டார்.

இந்தப் பங்குனியில் தோப்புப் போர்வெல் வெறும் காற்றைக் கக்கியது. அதே மாதம் அவருக்கு இதயம் தளர்ந்தது. தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார் மருத்துவர். டேங்கர் தண்ணீரை ஒட்டு மரங்களுக்கே விடச் சொன்ன அண்ணன், வீட்டில் படுத்தபடி, மதியந்தோறும் இலையைத் தொட்டுப் பார்த்துத் தோப்பிலிருந்து என்னைப் போன் செய்ய வைத்தார். கத்திரி பிறந்த வாரம் ஒட்டு இலையும் சுட்டது. சொன்னேன்.

"கிளையைக் கழிச்சு விட்டுடுடா. இலை கொறைஞ்சா தாகம் கொறையும். காய்ப்பு போனா போவுது, மரம் இருக்கணும்" என்றார்.

மறுநாளே அவரை மருத்துவமனையில் சேர்த்தோம். உயிரோடு வீடு திரும்பவில்லை.

துக்க வீட்டில் பச்சை மரத்தில் கத்தி வைப்பதா என்று உறவினர்கள் தயங்கினார்கள். அண்ணி எழுந்து வந்தார்.

"எனக்குப் போனது போதும். வெட்டுங்க" என்றார்.

மருத்துவமனையில் உடனிருந்தவர்களுக்கும், தோளில் சுமந்தவர்களுக்கும், துக்கம் கேட்க வந்த கையோடு அரிவாள் எடுத்துத் தோப்பில் இறங்கிய அவலூர்பேட்டை மைத்துனர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

காரிய நாளான இன்றுவரை வெட்டிய கிளைகளில் துளிர் இல்லை. பட்டையை நகத்தால் கீறினால் உள்ளே பச்சை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். காலையில் மரத்தடியில் நின்றேன். கை போகவில்லை. திரும்பி வந்ததும் அண்ணி என் நகத்தைத்தான் முதலில் பார்த்தார்.