ஞாயிறையும் நிரப்பிய அட்டவணை

ஜெர்மனிக்கு வந்த இரண்டாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இருதய ஆண்டவர் படத்தை மாட்டுவதற்காகச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. கீழ்வீட்டு அம்மாள், எழுபது வயதிருக்கும், வீட்டுச் செருப்போடு நின்றார். சுவரைக் காட்டினார், என் கையிலிருந்த துளைக்கருவியைக் காட்டினார், "சோன்டாக், சோன்டாக்" என்றார். சோன்டாக் என்றால் ஞாயிறு என்பது மட்டும் எனக்குத் தெரியும். கோயிலுக்குக் கூப்பிடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, ஆண்டவர் படத்தை உயர்த்திக் காட்டி, பத்து மணிப் பூசைக்கு நாங்களும் வருகிறோம் என்று சைகையில் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார். நான் மிச்சத் துளையையும் போட்டு முடித்தேன். இங்கே ஞாயிறன்று துளை போடக் கூடாது, புல் வெட்டக் கூடாது, கடைகூடத் திறக்காது என்று மறுநாள் அலுவலகத்தில் விசாரித்துவந்து என் கணவர் அருள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாளைச் சும்மா விடுவதற்கு ஒரு ஊரே காவல் இருக்குமா? போத்தனூரில் எங்கள் வீட்டு பீரோவில் ஒட்டியிருந்த அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைக்கும் சிவப்புப் பென்சிலால் வண்ணம் தீட்டியிருந்தேன்.

அந்த அட்டவணை என் மகள் ஷெரினுடையது. ஏழு வயதில் பள்ளியில் அவள் கரணம் அடிப்பதைப் பார்த்த விளையாட்டு ஆசிரியை, பீளமேட்டில் பழைய மில் ஒன்றின் பக்கத்தில் இருந்த ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார். ஞாயிறு தவிர ஆறு மாலையும் பயிற்சி. நான் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தேன். வேலை முடிந்ததும் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுபோய் விட்டு, மெத்தைகளின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒல்லியான கால்களை நீட்டி அவள் காற்றில் திரும்பும்போது என் மூச்சு நின்று வரும். எங்கள் குடும்பத்தில் யாரும் மேடையேறியதில்லை, மாலை வாங்கியதில்லை. இவள் ஒருத்தி ஏறுவாள் என்று எனக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. இன்று அதற்கு வேறு பெயர் வைக்க மனம் வரவில்லை.

ஒன்பது வயதில் அவளை டேலண்ட் டெவலப்மென்ட் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். திறமையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக உடல் வளைவு, வலிமை, நடன அடிப்படை எல்லாம் சொல்லித்தருவது. வாரத்துக்கு நாலு வகுப்பு. அங்கே பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைத் தனியே அழைத்து, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"ஏனுங்க, இதச் சேத்துனா அதக் கொறைக்கோணுமுங்க. சாயங்காலப் பயிற்சில ரெண்டு நாளு எடுத்துப்போடலாமுங்க. பாப்பாவுக்கு ஒரு நாளாச்சும் முழுசா ஓய்வு வேணும்."

"எதுக்குங்க மாஸ்டர் கொறைக்கோணும்? நான் பாத்துக்கறேனுங்க. அவ தாங்குவா."

மாஸ்டர் மறுத்துப் பேசவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது சுலபமில்லை. அவர் சொன்னதை நான் யோசனையாக எடுத்துக்கொண்டேன். அது எச்சரிக்கை என்பது எனக்கு உறைக்கவில்லை. அன்று அளவுகோல் வைத்துக் கோடு போட்டு அட்டவணை தயாரித்தேன். மூன்று நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போத்தனூரிலிருந்து கிளம்புவது. இட்லியைப் பயிற்சிக்கூட வாசலில் நின்றபடி ஊட்டுவது. அங்கேயே சீருடை மாற்றிப் பள்ளிக்கு விடுவது. நாலாவது வகுப்பு ஞாயிறு காலையில்தான் நடந்தது. அந்த நேரம் அவள் பங்குக்கோயிலில் புதுநன்மைக்கு, அதாவது முதல் முறை நற்கருணை வாங்குவதற்கு, மறைக்கல்வி படித்துக்கொண்டிருந்தாள். வெள்ளை கவுனுக்குத் துணிகூட எடுத்தாயிற்று. "அடுத்த வருசம் வாங்கிக்கலாங் கண்ணு" என்றேன். "சரிங்கம்மா" என்றாள். எதற்கும் சரிங்கம்மாதான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் புள்ளைய எப்படி வளத்தியிருக்கா பாரு என்று என்னைப் புகழ்வார்கள்.

பத்து வயது நிறைந்திருந்த சமயம், ஒரு நாள் ஸ்கூட்டரிலிருந்து இறங்கியவள் இருக்கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றாள். "இடுப்புக்கு மேல வலிக்குதுங்கம்மா" என்றாள். மாவட்டத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. வீட்டில் உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். கொடுத்துக்கொண்டே சொன்னேன்: "வலின்னு மாஸ்டர்கிட்டச் சொல்லிப்போடாதே கண்ணு. செலக்‌ஷன்ல இருந்து எடுத்துப்போடுவாரு." குப்புறப் படுத்திருந்தவள் தலையணையில் முகத்தை வைத்தபடியே, "சொல்லமாட்டேனுங்கம்மா" என்றாள். ஊசியைக் குத்திவிட்டு, வலிக்குதுங்களா என்று ஒவ்வொரு நாளும் எத்தனையோ பேரிடம் கேட்கிறவள் நான். என் மகளிடம் மறுபடி கேட்கவில்லை. அவளும் மறுபடி சொல்லவில்லை. மாவட்டத்தில் இரண்டாம் இடம் வந்தாள்.

அதற்கடுத்த வருடம் அருளுக்கு இங்கே ஒரு பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வந்தோம். இந்தச் சிறு நகரத்திலும் ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கம் இருந்தது. பயிற்சியாளர் அன்யா, முப்பது வயதுப் பெண். ஷெரினைப் பார்த்த முதல் மாதத்திலேயே திறமைக்குழுவில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் பழையபடி அளவுகோலை எடுத்து, ஏழு நாளும் நிரப்பிய தாளை அவரிடம் பெருமையாகக் கொடுத்தேன். அவர் சிவப்புப் பேனாவால் பாதியை அடித்துவிட்டு, புதன் கட்டத்திலும் ஞாயிறு கட்டத்திலும் 'ஃப்ரை' என்று எழுதினார். வெள்ளிக்கிழமைக்கு ஃப்ரைடாக் என்பார்கள். அதைத்தான் சுருக்கி, கிழமை மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். ஓய்வு என்று ஷெரின்தான் விளக்கினாள். நம் பிள்ளை கறுப்பு என்பதால் ஒதுக்குகிறார்கள் என்று எனக்குள் ஒரு நெருப்பு மூண்டது. அருளிடம்கூடச் சொல்லாமல், அந்த இரண்டு நாளும் வீட்டுக் கூடத்தில் போர்வை விரித்து நானே பயிற்சி கொடுத்தேன். பின்பக்கமாக வளையச் சொல்லி எண்ணினேன். அவள் சரிங்கம்மா என்று வளைந்தாள்.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு பிற்பகல் அன்யா என்னைப் பயிற்சிக்கூடத்துக்கு வரச்சொன்னார். ஷெரின் ஓரத்தில் ஒரு பெஞ்சில், முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள். கம்பியிலிருந்து குதித்தவள் நிமிர முடியாமல் நின்றதாகவும், வலிக்கிறதா என்று மூன்று தடவை கேட்டும் இல்லை என்றே சொன்னதாகவும், தட்டுத்தடுமாறும் ஆங்கிலத்தில் அன்யா சொன்னார். "மற்ற பிள்ளைகள் கத்துவார்கள், அழுவார்கள். அதை வைத்துத்தான் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியும். உங்கள் மகள் ஒன்றுமே சொல்வதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது." அவர் கண் கலங்கியிருந்தது. என் மகளுக்காக ஒரு வெள்ளைக்காரி அழுவாள் என்று நான் நினைத்ததில்லை.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் வைத்துக் காட்டினார். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் விரிசல். இது இன்று நேற்று வந்ததில்லை என்றார். பிறகு ஷெரினின் பக்கம் நாற்காலியைத் திருப்பி, எப்போதிருந்து வலிக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லட்டுங்களாம்மா?"

அவள் கேட்டது அவ்வளவுதான். அருள் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலையை அசைத்தேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஸ்கூட்டர், மாவட்டத் தேர்வு, பள்ளிக்கூட பெஞ்சு, விமானத்தில் உட்கார்ந்து வந்த நேரம், கூடத்துப் போர்வை. ஒரு வருடத்துக்கும் மேலாக வாயில் அடக்கிவைத்ததையெல்லாம், பள்ளியில் பிடித்துக்கொண்ட, எனக்குப் பாதி புரியாத ஜெர்மனில், நிறுத்தாமல் சொன்னாள்.

போட்டிகள் முடிந்துபோயின. ஏழு மாதம் இடுப்பைச் சுற்றிப் பட்டை போட்டிருந்தாள். அந்த நாட்களில் ஒரு முறை மாஸ்டரை அழைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். மறுமுனையில் மெத்தையில் பிள்ளைகள் குதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனுங்களே அம்மணி" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஊரில் மகளையோ மகனையோ மைதானத்துக்கு அனுப்புகிற பெற்றோர் யாராவது இதைப் படித்தால், என்னைத் திட்டிவிட்டாவது, பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது அவள் நீந்தப் போகிறாள், நூலகத்துக்குப் போகிறாள். போன வாரம் சமையலறையில் எனக்கு உதவியாக நின்றவள், அடுப்பிலிருந்த வாணலியின் பிடியைத் தொட்டுவிட்டாள். "ஆவ்வா!" என்று கத்தினாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் அடிபட்டால் போடும் சத்தம் அது. நம் பிள்ளைகள் அம்மா என்று கத்தும் இடத்தில் இவர்கள் ஆவ்வா என்பார்கள். அவள் கத்தி நான் கேட்பது அதுதான் முதல் தடவை. ஓடிப்போய், "சுட்டுப்போட்டுச்சா கண்ணு?" என்றேன்.

அவள் கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போயிற்று. "ஒண்ணுமில்லீங்கம்மா."

அடுப்பை அணைத்தேன். பிறகு எனக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்ச ஜெர்மனைத் திரட்டி, "டுட் எஸ் வே?" என்று கேட்டேன். வலிக்கிறதா என்று அர்த்தம். என் உச்சரிப்பு அவளுக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும். அன்று சிரிக்கவில்லை. யாரோ புதிய ஆள் வந்து நிற்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"யா" என்று சொல்லி, சிவந்த விரல்களை என்னிடம் நீட்டினாள்.