பன்னிரண்டு ரத்தப் படங்கள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லாரும் ஸ்கேல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். லேபிளைக்கூட அளந்து ஒட்டுகிறவள். நுண்ணோக்கியில் எடுத்த ரத்த அணுப் படங்களைப் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதி அடுக்கி, புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடத்தாள் தயாரிப்பது ஆறு வருடமாக அவள் வேலை. அதில் போட்டிக்கு வந்தவள் அவளுடைய தம்பி மனைவி. சிபாரிசு செய்து சேர்த்துவிட்டதும் இவளேதான்.

இந்தத் தடவை பன்னிரண்டு சதுரப் படங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு. நடுவில் துளி வெள்ளை தெரியக் கூடாது. ஆளுக்கொன்று செய்து காட்டுங்கள் என்றார் தலைமை மருத்துவர். ஸ்கேல் அக்கா தன் நிரலில் இடைவெளிக்கான இரண்டு எண்களையும் பூஜ்யமாக்கினாள். பக்கவாட்டில் படங்கள் ஒட்டிக்கொண்டன. வரிசைகளுக்கு நடுவே மட்டும் வெள்ளைப் பட்டை போவேனா என்றது. தம்பி மனைவியின் தாளில் மயிரிழை இடைவெளி இல்லை.

"இதையே அச்சுக்குக் குடுத்துடலாம்" என்றார் மருத்துவர்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு. "அக்கா, இவ இன்னைக்குக் கலக்கிட்டாளாமே!" என்றான் தம்பி. அம்மா மருமகள் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள். ஸ்கேல் அக்காவுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. தம்பி மனைவி சாப்பிடப் போன நேரத்தில், தகாத வேலை என்று தெரிந்தே அவளுடைய நிரலைத் திறந்து பார்த்தாள். படத்தின் விகிதம் என்ற இடத்தில் 'ஆட்டோ' என்று இருந்தது. இடத்தை நிரப்புவதற்காகப் படங்களை மேலும் கீழும் இழுத்துவிட்டிருக்கிறது! உருண்டையான அணுக்கள் எல்லாம் முட்டையாகியிருந்தன. அணு முட்டையானால் அது ஒரு நோயின் அடையாளம்.

எரிந்த வயிறு குளிர்ந்தது. வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை எல்லார் முன்னாலும் தாளைத் திரையில் காட்டுவார்கள் என்று காத்திருந்தாள்.

வியாழனன்று தாள் திரைக்கு வந்ததும் எழுந்து நின்றாள். "டாக்டர், இது நல்ல ரத்தமா, நோய் ரத்தமா?"

"நல்ல ரத்தம்தான். ஏன்?"

"அப்புறம் எல்லா அணுவும் ஏன் முட்டை மாதிரி இருக்கு?"

தம்பி மனைவியின் முகம் வெளுத்தது. திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

"ஐயோ, ஆமா. படத்தை இழுத்து வச்சிருக்கேன். அக்கா சொல்லலேன்னா அப்படியே அச்சுக்குப் போயிருக்கும்."

அங்கேயே உட்கார்ந்து 'ஆட்டோ'வை எடுத்தாள். வெள்ளைப் பட்டை திரும்பி வந்தது. கொஞ்சம் யோசித்தாள். "சதுரப் படம், குறுக்கே நாலு, கீழே மூணு. நாங்க ரெண்டு பேருமே தாளைச் சதுரமா வச்சுட்டோம். பன்னிரண்டுக்கு ஒன்பதுன்னு வச்சா சரியாயிடும்."

பட்டை மறைந்தது. அணுக்கள் உருண்டையாக நின்றன. கைதட்டல் தம்பி மனைவிக்குத்தான் கிடைத்தது. இரண்டு நாளாகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த ஸ்கேல் அக்காவுக்கு இந்தக் கணக்கு தோன்றவே இல்லை.

பஸ் நிறுத்தத்தில் தம்பி மனைவி கேட்டாள்: "எப்பக்கா கவனிச்சீங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தாளிலிருந்து, யாரும் கேட்காமலே தன் நிரலை முதலில் ஸ்கேல் அக்காவுக்கு அனுப்பினாள். "ஒரு தடவை பாத்துடுங்கக்கா." அந்தப் பெருந்தன்மைதான் இவளுக்கு எல்லாவற்றையும் விட அதிகமாக எரிந்தது.