எஸ்தரின் வலது கால்

காலை ஏழு இருபது. செவிலிமேட்டிலிருந்து ஏனாத்தூருக்குப் போகும் எங்கள் கல்லூரி வேனை ஒரு குட்டியானை சரக்கு வண்டி முந்துகிறது. அதன் பின்னாலேயே பால் கேன் கட்டிய மொபெட். அடுத்து, வாழைத்தார் ஏற்றிய டிராக்டர். "மூணு" என்கிறார் கணக்குப் பேராசிரியை மங்கையர்க்கரசி. வேனை முந்திப் போகிறவற்றை எண்ணுவது அவர் வழக்கம். சின்ன காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் எண்ணிக்கை பத்தைத் தொட்டுவிடும். ஓட்டுநர் இருக்கையில் எஸ்தர், வேக முள்ளை நாற்பதில் நிறுத்தி, கண்ணாடியைப் பார்க்கிறாள், சாலையைப் பார்க்கிறாள், மறுபடி கண்ணாடியைப் பார்க்கிறாள்.

எஸ்தருக்கு வயது இருபத்திரண்டு. கல்லூரியில் வேன் ஓட்டுநர், வெளியே கார் பந்தயம் ஓட்டுகிறவள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துப் பந்தயத் தடத்தில் மணிக்கு இருநூறு கிலோமீட்டரை எட்டியவள். வேன் ஏன் இப்படி ஊர்கிறது என்று மங்கையர்க்கரசி ஒருநாள் கேட்டேவிட்டார். எஸ்தர் திரும்பாமல் பதில் சொன்னாள்.

"அங்க எல்லார்கிட்டயும் லைசென்ஸ் இருக்குது மேடம். இங்க எதிர்ல வரவன்கிட்ட இருக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் அந்தக் கல்லூரியில் நூலகர். பின்னிருக்கையில் உட்கார்ந்தால் குமட்டும் என்பதால் எப்போதும் அவளுக்கு நேர் பின்னால் உட்காருவேன். அதனால் அவள் கழுத்தை நன்றாகத் தெரியும். சிக்னலில் வேன் நின்றதும், தலையை ஜன்னல் ஓரத்துக் கம்பத்தில் வைத்து, கம்பத்தைப் பெயர்த்துவிடுவது போல அழுத்துவாள். பச்சை விழுந்ததும் விட்டுவிடுவாள். வளைவுகளில் தலை ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போகாமலிருக்கக் கழுத்துக்குப் பலம் வேண்டுமாம். பொங்கலுக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்த இடத்தில் தையற்காரர் கழுத்தை இரண்டு முறை அளந்துவிட்டு, அளவு நாடாவைச் சந்தேகமாகப் பார்த்தார் என்று சொன்னாள். பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை.

அவள் அப்பா ராமராஜன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். நெடுஞ்சாலை ஓரத்தில், வார இறுதியில் சென்னைக்காரர்கள் வந்து சின்னச் சின்னக் கார்ட் வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பிளஸ் டூ விடுமுறையில் மகளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். வருகிறவர்களுக்கு ஹெல்மெட் எடுத்துக் கொடுப்பது, வாங்கி வைப்பது, உள்ளே வியர்வையைத் துடைப்பது. மாலையில் மூடும்போது வண்டிகளைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் விட வேண்டும். கொட்டகை இருபதடி தூரத்தில் இருந்தது. எஸ்தர் எதிர்ப்பக்கமாகக் கிளம்பி, ஒரு முழுச் சுற்றுப் போய் வந்து சேர்வாள். யாரும் வேண்டாம் என்று சொல்லாததால் தினமும் அப்படியே செய்தாள்.

தடத்தில் பதித்திருந்த கருவிக்கு வேலை நேரம் முடிந்தது தெரியாது. அது அவளுடைய சுற்றையும் அளந்து, அந்த மாதத்தின் வேகமான பெயர்களைக் காட்டும் திரையில் முதலிடத்தில் 'ஊழியர்' என்று போட்டது. மூன்று மாதம் அந்த வார்த்தை அங்கேயே இருந்தது. காசு கொடுத்து ஓட்டியவர்கள் யாரந்த ஊழியர் என்று கோபமாகக் கேட்கத் தொடங்கினார்கள். யாரென்று கேட்டவர்களில் ஒருவர் தணிகாசலம். சுங்குவார்சத்திரத்தில் பட்டறை வைத்துப் பந்தயக் கார்களை ஓட்டவிடுகிறவர். அவர் மட்டும் கோபப்படவில்லை.

அவர் எஸ்தருக்கு ஓட்டக் கொடுத்தது ஒரே இருக்கை கொண்ட கார். மேலே கூரை கிடையாது, சக்கரங்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எஸ்தரின் அம்மா அன்னம்மாள் அதன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பக்கத்துல ஒருத்தர் குந்த முடியாதுன்னா அது எதுக்குமா காரு?" என்று கேட்டார்.

முதல் ஆண்டு முதல் பந்தயத்தில் பதினோராம் இடம். ஆண்டு முடிவில் ஆறு. அடுத்த ஆண்டு அந்தப் பிரிவில் அவள்தான் சாம்பியன். கல்லூரியில் பாராட்டு விழா வைத்தார்கள். பாராட்டுக்கு வந்தவர்களை வேனில் கூட்டிக்கொண்டு போய் விட்டதும் அவள்தான். அடுத்த பிரிவுக்குப் போனாள். அந்தக் காருக்கு முன்னும் பின்னும் இறக்கைகள் உண்டு. காற்று அந்த இறக்கைகளை அமுக்க அமுக்க, சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும். "ஏரோப்ளேனுக்குத் தூக்கறதுக்கு ரெக்க வெச்சாங்க, இதுக்கு அமுக்கறதுக்கு வெச்சிக்கிறாங்க" என்பது எஸ்தரின் விளக்கம். எங்கள் இயற்பியல் துறை அதை ஏற்றுக்கொண்டது.

அங்கே அவளுடன் அதே அணியில் ஓட்ட ஒரு டச்சுப் பையன் வந்தான். பெயர் யோரிஸ், வயது பதினெட்டு. ஏழு வயதில் கார்ட்டில் உட்கார்ந்தவன். பதினைந்தில் ஒற்றை இருக்கைக் கார். ஒவ்வொரு பிரிவாக ஏறிக்கொண்டிருந்தான். அவன் ஊரில் குளிர்காலத்தில் பந்தயம் கிடையாது என்பதால் இங்கே வந்தான். தயிர்சாதத்தில் வாழைப்பழம் பிசைந்து சாப்பிடுவான். ஒருநாள் காஞ்சிபுரம் பார்க்க எங்கள் வேனில் ஏறி, செவிலிமேடு வரை வந்தான். இறங்கும்போது, வண்டியில் ஏதாவது பழுதா என்று எஸ்தரிடம் அக்கறையோடு கேட்டான்.

சென்ற ஆகஸ்ட்டில், பயிற்சி ஓட்டத்தின்போது, தடத்தின் மூன்றாவது வளைவில் எஸ்தருடைய காரின் பின்சக்கரத்தைப் பிடித்திருந்த இரும்புக் கை ஒன்று முறிந்தது. அந்த வளைவில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே கூடாது. நூற்று எழுபதில் திரும்ப வேண்டும். கார் திரும்பவில்லை, டயர் அடுக்கிய சுவருக்குள் போனது. இடது தோள்பட்டை எலும்பு முறிந்து, ஆறு வாரம் கட்டு. நான் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்ல மேடம். காரு போச்சு, நானும் கூடவே போனேன்" என்றாள்.

அக்டோபரில் திரும்பிப் போனாள். தோள் சரியாகிவிட்டது. ஆனால் சுற்று ஒன்றுக்கு ஒரு விநாடியில் பத்தில் மூன்று பங்கு காணாமல் போயிருந்தது. அணியின் பொறியாளர் குமரகுரு, பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. காரின் ஒவ்வொரு அசைவையும் கணினியில் கோடாகப் பார்க்கிறவர். யோரிஸின் ஆக்ஸிலேட்டர் கோட்டையும் எஸ்தரின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினார். மூன்றாவது வளைவில் யோரிஸின் கோடு நேராகப் போனது. எஸ்தரின் கோட்டில் ஒரு பள்ளம் இருந்தது. தறியின் பாவில் ஒரு இழை விட்டுப்போனது மாதிரி என்றார் குமரகுரு.

"நீ கால எடுக்கிறமா."

"எடுக்கலண்ணா."

அவள் பொய் சொல்லவில்லை. எடுப்பது அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த ஓட்டத்தில், எடுக்கவே கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். பள்ளம் இருந்தது. அதற்கடுத்த வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள். பல் வலித்தது, பள்ளமும் இருந்தது. யோரிஸிடம் கேட்டாள். அவனுக்கும் பதினாறு வயதில் அவன் ஊரில் இப்படி ஒரு வளைவு வாய்த்ததாம். எப்படிச் சரியானது என்று கேட்டதற்கு, அந்தத் தடத்தில் தான் இப்போது ஓட்டுவதில்லை என்றான்.

தணிகாசலம் நேர்மையான மனிதர். ஜனவரி கடைசியில் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். யோரிஸ் ஐரோப்பாவில் அடுத்த பிரிவுக்குப் போகிறான். அடுத்த ஆண்டு அவர் அணி வெளிநாடுகளில் நடக்கும் பெரிய பிரிவில் ஒரே ஒரு காரை இறக்கப் போகிறது. அதற்கு இரண்டு பேர் மனதில் இருக்கிறார்கள். ஒன்று எஸ்தர், மற்றது வேறு அணியில் ஓட்டும் கோயம்புத்தூர் சத்யராஜ். பிப்ரவரியில் கடைசிப் பந்தயம். இருவரில் யார் முன்னால் முடிக்கிறார்களோ, அவருக்கு அந்த இருக்கை.

மறுநாள் வேனில் எஸ்தர் என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். ஓட்டும்போது அவள் பேசுவது அபூர்வம்.

"மேடம், உங்களுக்குத் தெரியாம உங்க கையோ காலோ எதனா பண்ணிக்கிதா?"

நான் யோசித்துச் சொன்னேன். நூலகத்தின் இரும்புப் படியில் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். அன்றிலிருந்து எந்தப் படியில் இறங்கினாலும் என் கை தானாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த பிறகுதான் எனக்கே தெரியும்.

"எத்தினி வருசமா?"

"பதினொண்ணு."

சின்ன காஞ்சிபுரத்தில் கியரை மாற்றினாள். பிறகு, "எனக்கு மூணு வாரம்தான் இருக்குது மேடம்" என்றாள்.

அன்று பட்டறைக்குப் போனவள் குமரகுருவிடம், இனி மூன்றாவது வளைவின் கோட்டைக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் கோபித்துக்கொண்டார். நோயை மூடி வைத்தால் தீருமா என்றார்.

"அந்தக் கால வுடுண்ணா. அது பாட்டுக்கு எடுக்கட்டும். மீதி பதினோரு வளைவு இருக்குது இல்ல? அங்க போறத இங்க எங்கனா எடுத்துக்கலாம்."

மூன்று வாரமும் அதைத்தான் செய்தார்கள். ஐந்தாவது வளைவில் பிரேக்கை நான்கு மீட்டர் தள்ளிப் பிடித்தாள். ஆறாவதில் இரண்டு மீட்டர். கடைசி வளைவில் உள்விளிம்பின் மேலேயே ஒரு சக்கரத்தை ஏற்றி இறக்கினாள். காணாமல் போன மூன்று பங்கில் இரண்டரைப் பங்கு கிடைத்துவிட்டது. மீதி அரைப் பங்கை எங்கே தேடியும் காணோம்.

பந்தயத்தன்று நான் ராமராஜனோடு போயிருந்தேன். பன்னிரண்டு சுற்று. எஸ்தர் நான்காவதாகக் கிளம்பி, இரண்டாவது சுற்றில் மூன்றாவதாக வந்தாள். அவளுக்கு அடுத்து சத்யராஜ் ஒட்டிக்கொண்டான். யோரிஸ் வெகுதூரம் முன்னால் போய்விட்டான். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே காட்சிதான் நடந்தது. மூன்றாவது வளைவில் சத்யராஜின் காரின் மூக்கு அவள் பின்சக்கரத்தைத் தொடும் அளவுக்கு நெருங்கும். ஐந்திலும் ஆறிலும் அவள் விலகிப் போவாள். சுற்று ஏற ஏற அந்த மூக்கு முன்னேறிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது சுற்றில் பாதிக் கார் பக்கவாட்டில் வந்தது. பதினொன்றில் இன்னும் கொஞ்சம். எங்கே, எவ்வளவு அவள் கால் எழும்பும் என்று அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது. ராமராஜன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தடத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் சுற்று. சத்யராஜ் இம்முறை வேகத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் வந்தான். அவள் கால் எழும்பும் இடத்தில் உள்ளே நுழைந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். எஸ்தரின் கார் அந்த இடத்துக்கு இருபது மீட்டர் முன்பாகவே வேகம் தணிந்தது. அவன் அதை எதிர்பார்க்கவில்லை. மோதாமலிருக்கப் பிரேக்கை அழுத்த வேண்டியதாயிற்று, காரின் வால் ஒருமுறை ஆடி நின்றது. அவன் அதை நேராக்கும்போது எஸ்தர் காலை முழுதாக அழுத்திக்கொண்டு வளைவைக் கடந்து போய்விட்டாள். முடிவில் எஸ்தர் மூன்று, சத்யராஜ் நான்கு.

சத்யராஜின் அணி உடனே புகார் கொடுத்தது. வேண்டுமென்றே குறுக்கே வேகத்தைக் குறைத்தாள், ஆபத்தான ஓட்டம் என்றார்கள். நடுவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். கூடவே போன குமரகுரு உள்ளே நடந்ததைப் பிறகு சொன்னார். தலைமை நடுவர் வயதானவர். ஏன் அங்கே காலை எடுத்தாய் என்று கேட்டார்.

"நாலு மாசமா அங்க எடுத்துக்கினுதான் சார் இருக்கறேன். பேப்பர் இருக்குது."

குமரகுரு அக்டோபரிலிருந்து அன்றைய பந்தயம் வரை அச்சடித்து வைத்திருந்த தாள்களை மேசையில் போட்டார். முந்நூற்றுச் சொச்சம் சுற்று, ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம். நடுவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கடைசிச் சுற்றின் கோட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். இதில் மட்டும் பள்ளம் இருபது மீட்டர் முன்னால் இருக்கிறதே என்றார்.

எஸ்தர் தாளைப் பார்த்தாள்.

"ஆமா சார். மத்ததெல்லாம் அதுவா எடுத்தது. இது நானா எடுத்தேன்."

நடுவர்கள் மூவரும் பிரேக் கோட்டைப் பார்த்தார்கள். பிரேக்கை அவள் தொடவே இல்லை. வளைவுக்கு முன்னால் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. பின்னால் வருகிறவர்தான் இடைவெளி விட்டு வரவேண்டும் என்று புகாரைத் தள்ளினார்கள். வெளியே சத்யராஜ் நின்றுகொண்டிருந்தான். நாலு மாதமாகவா என்று கேட்டான். ஆமாம் என்றாள். "நானும் அக்டோபர்ல இருந்தே பாத்துட்டுத்தான் இருந்தேனுங்க" என்று சொல்லிக் கை கொடுத்துவிட்டுப் போனான்.

மாலையில் தணிகாசலம் பட்டறையில் படிவத்தை நீட்டினார். எட்டுப் பக்கம். எஸ்தர் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து, கல்லூரி வருகைப் பதிவேட்டில் எழுதுகிற அதே நிதானத்தோடு நிரப்பினாள். பெயர், உயரம், ரத்தப் பிரிவு. அடுத்த ஆண்டு ஓட்ட வேண்டிய ஐந்து நாடுகளின் பெயர்கள். ராமராஜன் அவளுக்கு அருகில் நின்று, இறக்கை வைத்த காரைத் தன் லாரியைப் பார்ப்பது போலக் குனிந்து அடிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விபத்து நேர்ந்தால் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்ற இடத்தில் எஸ்தர் அப்பாவின் எண்ணை எழுதினாள். எழுதியதை ஒருமுறை சரிபார்த்தாள். பிறகு எழுந்து, குனிந்திருந்தவரின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அதன் மணியோசையைக் கடைசிக் கோடு வரை ஏற்றி, ஒருமுறை அடிக்கவிட்டுக் கேட்டு, மறுபடி பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.