வைரல் பண்ணிய கூரை

எங்கள் பக்கத்தில் ‘வைரல் பண்ணிடுவேன்’ என்பது ஒரு மிரட்டல். சாலையில் குழியா, குழாயில் தண்ணீர் வரவில்லையா, எதற்கும் அதே பேச்சுதான். மனு கொடுத்து நடையாய் நடந்தவர்களுக்கு அதுதான் கடைசி ஆயுதம். நானும் அதை நம்பித் தொலைத்தேன்.

என் அண்ணன் கோலசிலாங்கூரை அடுத்த அசாம் ஜாவா என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டி ஓய்வு பெற்றவர். அண்ணி போய்ச் சேர்ந்த பிறகு, தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் தனியாக இருந்தார். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆனால் தோட்டத்து ஆபீஸில் யாரும் கேட்கவில்லை. இவரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஆட்கள் பல பேர் இப்படித்தான் காலத்தை ஓட்டுகிறார்கள்.

ஒரு மழையில் கூரைத் தகரம் பெயர்ந்தது. கட்டிலில் படுத்தால் வானம் தெரிந்தது.

“ஆபீஸ்ல கேட்டா வெளிய போவச் சொல்லுவானுங்க. நீ வைரல் பண்ணு லா தங்கச்சி, ஜனங்க பாத்துக்குவாங்க” என்றார் அண்ணன்.

கைப்பேசியில் எடுத்துப் போட்டேன். ஜனங்கள் பார்த்தார்கள். காரில் வந்தார்கள். அரிசியும் மைலோவும் கொடுத்து, ஓட்டைக்குக் கீழே அவரை நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். அண்ணன் ஒவ்வொரு முறையும் தலை சீவி, நல்ல சட்டை போட்டு நின்றார். ஒருவர்கூட ஏணி கொண்டுவரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபீஸும் பார்த்துவிட்டது. அங்கே கணக்கெழுதும் கிராணி வந்து தலையைச் சொறிந்தார்.

“வீடியோ மேல வரைக்கும் போயிருச்சுண்ணே. நாங்க கண்டுக்காமதான இருந்தோம்? இனிமே முடியாது. மாசக் கடைசியில காலி பண்ணிடுங்க.”

லோரியில் கட்டிலை ஏற்றிய அன்று, அதையும் வீடியோ எடுக்கச் சொன்னார் அண்ணன். எடுத்துப் போட்டேன். அவ்வளவாக யாரும் பார்க்கவில்லை. ஒருவர் மட்டும் கீழே எழுதியிருந்தார்: ‘இவருக்குத்தான் அன்னைக்கே உதவி கிடைச்சிருச்சே.’

இப்போது கோலசிலாங்கூரில் என் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொள்கிறார்.

“நம்ம வீடியோவ பாக்கிறாங்களா?” என்று இங்கே வந்த மறுநாள் காலையில் கேட்டார்.

“நெறைய பேரு பாக்கிறாங்கண்ணே.”

வேறென்ன சொல்ல? அவர் எழுந்து தலை சீவினார். அந்த நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, சாலை தெரியும்படி நாற்காலியை வாசலில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.